அசையாதவர் வீட்டில் இல்லை

அன்று நடந்த பேச்சை மகள் இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வாள். அப்பா வேலையிலிருந்து வந்தபோது மணி ஏழு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நாலு இருபதுக்கு வாசல் கதவு."

"ஆமாம்ப்பா. இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டேன்."

"நாலு இருபத்தஞ்சுக்கு உன் ரூம். அதுக்கப்புறம் ஒண்ணேகால் மணி நேரம் ஒண்ணுமே இல்லை."

"படுத்திருந்தேன்."

"அஞ்சு நாப்பதுக்கு ஃப்ரிட்ஜ். திறந்து மூடியாச்சு. மறுபடி திறந்து மூடியாச்சு."

"பசிச்சுது. ஆனா எதையும் எடுக்கத் தோணலை."

"அதான் பார்த்தேன்" என்றார் அப்பா, திருப்தியாக.

"இவ்வளவும் தெரிஞ்சிருக்கு. ஏன் சீக்கிரம் வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்கலாம் இல்லையா?"

"எதுக்குக் கேட்கணும்? எல்லாம்தான் பதிவாகியிருக்கே."

"ஏன்ங்கிறது பதிவாகலையேப்பா."

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, ஒரு நல்ல நிறுவனத்தின் சிறு குறையை ஒப்புக்கொள்பவரைப் போல, "அதுக்கு இன்னும் கருவி வரலை" என்றார்.

"வாய்னு ஒண்ணு இருக்கேப்பா."

"இங்க பாரு. முப்பது வருஷமா லிஃப்ட் கதவு பார்க்குறேன். எந்தக் கதவாவது 'உள்ளே வந்தாச்சா'ன்னு யாரையாவது கேட்டிருக்கா? தானே தெரிஞ்சுக்கும். தானே மூடிக்கும்."

"கதவு கேட்காது. அப்பா கேட்கலாம்."

அதற்குள் அவர் ஸ்டூல் போட்டு ஏறி, வாசற்படிக்கு மேலிருந்த கருவியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். பேச்சு முடிந்தது.

வாசகரே, இந்த இனத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்பதால் நானே வைக்கிறேன்: அசைவறிஞர். படித்து அறிந்தவர் உண்டு, ஊர் சுற்றி அறிந்தவர் உண்டு, பட்டு அறிந்தவரும் உண்டு. இவர் அந்தச் சிரமம் எதுவும் படாதவர். எலுமிச்சம்பழம் அளவுள்ள ஒரு வெள்ளைக் கருவியைச் சுவரில் ஒட்டிவிட்டு, அது கண் சிமிட்டினால் ஆள் இருக்கிறது, சிமிட்டாவிட்டால் ஆள் இல்லை என்று உலகத்தை இரண்டே கூறாகப் பிரித்துவிட்டவர். முதுகலைப் பட்டம் வாங்கியவருக்குக்கூட இவ்வளவு தெளிவு வருவதில்லை.

இவரைக் கண்டுபிடிப்பது எளிது. வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்ல மாட்டார். விளக்கு தானாக எரியும்வரை காத்திருந்து, "பார்த்தீங்களா?" என்பார். நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. சுவிட்சைத் தேடிக் கை நீட்டினீர்களோ, தொலைந்தீர்கள். "கை படவே வேண்டாம். நீங்க சும்மா நடங்க" என்று உங்களை நாலு தடவை கூடத்தில் நடக்கவிட்டு வேடிக்கை காட்டுவார். வந்தவர் தண்ணீர் கேட்க நினைத்திருப்பார். நடந்துகொண்டிருப்பார்.

நம்முடைய அசைவறிஞருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை என்பதை ஏற்கெனவே அவர் வாயாலேயே கேட்டுவிட்டீர்கள். முதல் கருவி படிக்கட்டில் வந்தது. இருட்டில் யாரும் உருண்டு விழக்கூடாது என்பதற்காக. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இரண்டாவது, தபால் பெட்டிக்குள் வந்தது. தபால் விழுந்தால் கைப்பேசி கூவும். அதுவும் சரி. ஆனால் கூடாரத்துக்குள் மூக்கை நுழைத்த ஒட்டகம் மூக்கோடு நின்றதாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? குப்பைத்தொட்டி மூடிக்கு ஒன்று, மருந்து இழுப்பறைக்கு ஒன்று, வெந்நீர் போட்டதை மறந்து வெளியேறுபவரைத் திருப்பி அனுப்ப அடுப்படி வாசலில் ஒன்று, செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்களா என்று வேவு பார்க்கத் தோட்டக் குவளைக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, செருப்பு அடுக்குக்கு ஒன்று, பிஸ்கட் டப்பாவுக்கு ஒன்று என்று பெருகிப் பெருகி, கடைசியில் அந்த மூன்றறை வீட்டில் பத்தொன்பது கருவிகளும் நான்கு மனிதர்களும் இருந்தார்கள். அதாவது மூன்று மனிதர்கள், நான்காவது ஒரு பல்லி.

பல்லியை ஏன் சேர்த்தேன் என்கிறீர்களா? வீட்டிலேயே அதிக முறை பதிவான உயிர் அதுதான். கூடத்துக் கருவியின் கண்ணாடி மேலேயே அது குடியிருந்தது. "இன்னைக்குக் கூடத்துல நாப்பத்திரண்டு அசைவு" என்று அப்பா பெருமையாக அறிவிப்பார். அதில் நாற்பது பல்லியுடையது.

பிஸ்கட் டப்பா மூன்றே நாளில் தோற்றது. அம்மா பிஸ்கட்டை ஊசிநூல் டப்பாவுக்கு மாற்றிவிட்டாள். "வீட்ல யாரும் பிஸ்கட்டே சாப்பிடறதில்லை. நல்ல பழக்கம்" என்றார் அப்பா. அம்மா வாயைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. பாதி நாள்தான். மதியம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால், பக்கம் திருப்பும் ஒரு விரலைத் தவிர வேறெதுவும் அசையாது. சாதாரண வீட்டில் இதற்குப் படிப்பது என்று பெயர். அசைவறிஞர் வீட்டில் இதற்கு இல்லாமல் போவது என்று பெயர். மூன்று நிமிடம் ஆனதும் வீடு முடிவு செய்துவிடும்: இந்த அறையில் ஆள் இல்லை. பொட்டென்று விளக்கு அணையும். அம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவாள். விளக்கு வரும். மறுபடி மூன்று நிமிடம். ஜன்னல் வழியாகப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரி முதலில் பதிலுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, ஏதோ நோய் என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

குளியலறைக் கதையைக் கேட்க உங்களுக்கு ஆசை இருக்கும். கேளுங்கள். ஒருநாள் சித்தப்பா வந்திருந்தார். மலச்சிக்கல்காரர். உள்ளே போனவர், பொறுமையாக ஒரு காரியத்தில் ஈடுபட்டிருந்தார். இதைப் போல அசைவற்ற காரியம் உலகத்தில் வேறில்லை. விளக்கு அணைந்தது.

"அண்ணே! கரண்ட் போச்சு!"

"போகலைடா. கையைத் தூக்கி ஆட்டு!" என்றார் அப்பா வெளியிலிருந்து.

"எந்தக் கையை?"

"எந்தக் கை சும்மா இருக்கோ அதை!"

பிறகு வெளிச்சம் வந்தது. "பார்த்தியா?" என்றார் அப்பா கதவைப் பார்த்து. அதன் பிறகு சித்தப்பா வரும்போதெல்லாம் தன் வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வருகிறார்.

இப்படி இருக்கும்போதுதான் மருத்துவர் அம்மாவை நடக்கச் சொன்னார். அப்பாவுக்குக் கொண்டாட்டம். கூடத்துக் கருவி எவ்வளவு நேரம் விழித்திருக்கிறதோ அவ்வளவு நேரம் அம்மா நடந்ததாகக் கணக்கு. வேலை செய்யும் இடத்தில், லிஃப்ட் குழிக்குள் தலையைவிட்டபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்வார். அம்மா இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள் கதையில் ஒரு கொலை நடந்துவிட்டது. கொலைகாரன் யாரென்று தெரிய இன்னும் இருநூறு பக்கம் இருந்தது. நடக்க முடியுமா?

அம்மா மேசை விசிறியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். இடமும் வலமுமாகத் தலையாட்டும் விசிறி. முதலில் ஒரு துண்டைக் கட்டிப் பார்த்தாள். கருவி ஏமாறவில்லை. "அது துணியைப் பார்க்காது, உடம்புச் சூட்டைத்தான் பார்க்கும்" என்று அப்பா மூன்று முறை விளக்கியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது துண்டுக்குப் பதிலாக வெந்நீர்ப் பை. விசிறி தலையை ஆட்ட ஆட்ட, வெந்நீர்ப் பை கூடத்தின் குறுக்கே உலாவ, அம்மா நாற்காலியில் காலை மடித்துக்கொண்டு ஊசிநூல் டப்பாவிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி கொலைகாரனைத் தேடினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். அப்பா சொன்ன எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டவர் அந்த வீட்டில் அம்மா ஒருத்திதான்.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது அப்பா கைப்பேசியை நீட்டினார். "பாருங்க டாக்டர். தினமும் மூணு மணி நேரம். ஒரே வேகம். நடுவுல நிக்கவே இல்லை."

மருத்துவர் எடைக் கருவியைப் பார்த்தார். இரண்டு கிலோ கூடியிருந்தது. அம்மாவைப் பார்த்தார். "மூணு மணி நேரமாம்மா?"

"ஆமாம் டாக்டர். களைப்பே தெரியலை" என்றாள் அம்மா.

சிரிக்கிறீர்கள். மகளும் சிரித்தாள். ஆனால் அந்த வாரம் அவளுக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. காரணம், முதலில் சொன்னேனே, நாலு இருபதுக்கு வீடு திரும்பிய அந்த நாள். அதற்குப் பதிவாகாத ஒரு 'ஏன்' இருந்தது.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்லும் வேலை. இருட்டறையில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்லை முன்னாடி போட்டது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பது. பதில் சொல்லத் தெரியாமல் தடுமாறுபவரிடம் இன்னும் ஒரு தடவை கேட்பது. வீட்டில் அதிகம் பேசாதவள். அங்கே கேள்வி கேட்டே பிழைத்தாள். அன்று முதலாளி ஒரு புது இயந்திரத்தைக் காட்டினார். முகத்தை வைத்தால் போதும், ஒரு வார்த்தை கேட்காமல் அதுவே அளந்து சீட்டு அடித்துக் கொடுக்கும். "இந்த மாசத்தோட போதும்மா. இது யாரையும் தொந்தரவு பண்றதில்லை பாரு" என்றார். கேட்காத இயந்திரத்தால் வேலை போய், கேட்காத அப்பாவிடம் வீடு திரும்பினாள். அதுதான் நாலு இருபது.

அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். அம்மாவிடம் சொன்னாள். அப்பா கேட்கட்டும் என்று இருந்தாள். பிடிவாதம். அவளும் அவர் மகள்தானே.

மூன்றாம் வாரம் வேறு ஊரிலிருந்து ஒரு கண் மருத்துவமனை அவளுக்கு வேலை தந்தது. அங்கே இன்னும் ஆளை வைத்துத்தான் கேட்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தாள். அலமாரியைத் திறப்பாள், இரண்டு எடுப்பாள், மூடிவிட்டு உட்காருவாள், மறுபடி திறப்பாள். வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டால் இன்றும் பதில் சொல்ல மாட்டாள். இன்றைக்கு இதைப் பார்த்தாவது கேட்பார் என்று நினைத்தாள் என்பது மட்டும் உண்மை.

கேட்காமல் இருப்பாரா? ஒரு மாதத்தில் நான்கு தடவை திறக்கும் பரண் கதவு ஒரே மதியத்தில் மூன்று தடவை. அலமாரி பதினாலு தடவை. பரணிலிருந்து பெரிய பெட்டி இறங்கியிருக்கிறது. கைக்குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஏழு மணிக்கு அப்பா வந்தார். முகத்தில் கவலை இருந்தது. மகள் கூடத்தில் எழுந்து நின்றாள். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

பாச்சை உருண்டை.

"அலமாரி பதினாலு தடவை திறந்திருக்கு. பரணும் திறந்திருக்கு. பூச்சிதானே? எனக்கு அப்பவே தெரியும். துணிக்கு நடுவுல வை. ரெண்டே நாள்ல ஓடிடும்."

மகள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நேரத்தில் மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

"பூச்சி இல்லைப்பா. நான்தான். கடையில வேலை போயிடுச்சு. வேற ஊர்ல கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்."

அப்பா நின்றார். அவள் நின்றாள். கையில் பாச்சை உருண்டை நின்றது. அன்றைக்குப் பல்லியும் எங்கோ போயிருந்தது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று.

பொட்டென்று விளக்கு அணைந்தது.

வீட்டின் கணக்குப்படி அந்தக் கூடத்தில் யாருமே இல்லை. பத்தொன்பது கருவிகளையும் தன் கையால் மாட்டிய மனிதர், அந்த இருட்டில், தானும் இல்லாதவராகி நின்றார். கையைத் தூக்கினால் போதும். இரண்டு பேரும் தூக்கவில்லை. அவர் மூச்சை இழுத்துவிடுவது அவளுக்குக் கேட்டது. இருட்டில்தான் அவர் அந்த ஒரே கேள்வியைக் கேட்க வாயெடுத்தார் என்று அவள் இன்றும் சொல்கிறாள். "ஏம்மா..." என்றார்.

"யாராவது கையை ஆட்டித் தொலைங்களேன்! பால் பாத்திரம் எங்க இருக்குன்னே தெரியலை!" என்று அம்மா, கூடத்து வெளிச்சத்தை நம்பியிருந்த அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். விளக்கு எரிந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டூலைத் தேடப் போனார். அம்மாவை அவள் எத்தனையோ விஷயத்தில் மன்னித்திருக்கிறாள். அந்தப் பால் பாத்திரத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து நின்றது. அம்மா அழுதாள், முத்தம் கொடுத்தாள், சாப்பாட்டுப் பையைக் கொடுத்தாள், அதில் ஊசிநூல் டப்பாவும் இருந்தது. அப்பா பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு வாசலுக்குள் போய் நின்றுகொண்டார். மறந்த சீப்பை எடுக்க உள்ளே போன மகள் மறுபடி படியைத் தாண்டியதும், கதவுக்கு மேலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "குடையை எடுத்துக்கொள்ளவும்."

போன மழைக்காலத்தில் அவர் பதிவு செய்து மாட்டியது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். அந்த வீட்டுச் சுவருக்கு வாயும் உண்டு. அதற்குக் கீழே, அதே குரலின் சொந்தக்காரர், உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார். வெயில் கொளுத்தியது. அவள் குடையை எடுத்துக்கொண்டாள்.

இந்த இனத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது தொற்றும். புது ஊரில் மகள் நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று முன்பின் தெரியாதவர்களைக் கேட்டாள். தினமும் காலையில் பல் துலக்கியபடி கைப்பேசியில் வீட்டுக் கருவிகளின் பதிவைத் திறந்தாள். குடும்பத்துக்குப் பொதுவான கணக்கு அது. அவளை யாரும் நீக்கவில்லை. ஐந்து ஐம்பதுக்கு அடுப்படி. அம்மா எழுந்தாயிற்று. ஆறு பத்துக்குச் செருப்பு அடுக்கு. அப்பா தோட்டத்தில். மதியம் கூடத்தில் மூன்று மணி நேரம் ஒரே சீரான அசைவு. வெந்நீர்ப் பை நலம். எல்லோரும் நலம். அப்படியானால் போன் எதற்கு? எல்லாம்தான் பதிவாகியிருக்கே! இரண்டு மாதமாகத் தானே ஒரு போன்கூடச் செய்யவில்லை என்பது ஒருநாள் வாயில் நுரையோடு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் கருவி எதுவும் இல்லை, தெரியும். ஆனால் நேற்று, பேசி நாளான ஒருவரின் பெயரைத் தொட்டு, அதற்குக் கீழே அவர் கடைசியாக எப்போது வந்து போனார் என்ற பொடி எழுத்தைப் பார்த்து, "ம், நல்லாத்தான் இருக்கார்" என்று மூடிவைத்தது யார்? அனுப்பிய செய்தி இரண்டு நீலக் கோடாக மாறியதும், பதில் வந்துவிட்டதைப் போல நிம்மதியானது யார்? வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டுமானால் கையைத் தூக்கி ஒரு தடவை ஆட்டுங்கள். ஆள் இருப்பதாகக் குறித்துக்கொள்கிறேன்.

நான்காம் மாதம் ஒரு மாலையில் அப்பா போன் செய்தார். அவராகவே செய்த முதல் போன். மகள் இரண்டு தடவை "அப்பா?" என்றாள்.

"உன் ரூம்ல நாலு மாசமா ஒண்ணுமே பதிவாகலை" என்றார். "பேட்டரி போயிடுச்சோ என்னவோ."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, கணக்கைத் திறந்து பார்த்தாள். பேட்டரி தொண்ணூற்றொரு விழுக்காடு இருந்தது. அது அவருடைய கைப்பேசியிலும் தெரியும்.

"ஆமாம்ப்பா. போயிருக்கும்" என்றாள்.

"அதான். இங்கிருந்தே ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை. உனக்கு எப்ப லீவு கிடைக்கும்மா? ஒரு தடவை வந்து, உள்ள போய், கொஞ்ச நேரம் கையை ஆட்டிட்டுப் போறியா?"